கூறனுக்கு அகப்படாத இலட்சத்து மூன்று

எண்களெல்லாம் வாய் திறந்து பேசி, குடும்பம் நடத்திய அந்தக் காலத்தில், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு பேர் வாழும் வீடு. நூறு என்றால் நூறு பேர். கூறன் என்ற நரிக்கு அங்கே ஒரே வேலைதான், குடும்பத்தைப் பிரிப்பது.

"எதற்கம்மா இந்தக் கூட்டத்தில் கிடந்து வேகிறீர்கள்? தனி வாசல், தனி அடுப்பு என்று இருங்களேன்" என்பான். மருமகள்கள் மயங்கிவிடுவார்கள், கேட்கவா வேண்டும்! சரிசமமாகப் பிரிந்த மறுநிமிடம் வீடு வீடாக விழுங்கிவிடுவான். அவன் வாங்கிய வரம் அப்படி. சமமான கூறுகள்தான் தொண்டையில் இறங்கும். ஒற்றை ஆள் வீட்டைத் தொடக்கூடாது. எந்த வீட்டிடமாவது தோற்றால், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும்.

பன்னிரண்டு போயிற்று. நூறு போயிற்று. "என்னை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் தெரியுமா?" என்று பீற்றிக்கொண்ட இலட்சமும் போயிற்று. அடுத்து அவன் வந்து நின்றது இலட்சத்து மூன்றின் வாசலில். இரட்டைப்படைத் தெருவிலும் இடமில்லை, சதுர எண்கள் தெருவிலும் சேர்க்கவில்லை. எதிலும் சேராத வீடு என்று ஊரே சிரித்த வீடு அது. அதன் தலைவி தைலம்மை.

கூறன் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தான். சிடுமூஞ்சிச் சித்தப்பா மிஞ்சினார். மூன்றாகப் பிரித்தான். அவரேதான். ஏழாகப் பிரித்தபோதும் அவரே, "சோறு குழைஞ்சு போச்சு" என்று முனகிக்கொண்டு.

"இந்த ஒருவரை வெளியே அனுப்புங்கள். கணக்கு அழகாக முடியும்" என்றான் கூறன்.

கடைசி மருமகள் சிவகாமி துள்ளினாள். "அனுப்பிடலாம் அக்கா! ஒருத்தர்தானே? வாயைத் திறந்தாலே குறை."

"குறை சொன்னால் சொல்லட்டும். அவரையும் சேர்த்தால்தானடி நாம் இலட்சத்து மூன்று. அவரை விட்டால் இரண்டாகவும் உடைவோம், மூன்றாகவும் உடைவோம், ஏழாகவும் உடைவோம். அப்புறம் உன் தனி அடுப்பு இவன் வயிற்றுக்குள்தான்!" என்ற தைலம்மை, சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்தாள். "இங்கிருந்து ஒருவரும் நகரமாட்டோம். இப்போது பிரிடா, பார்க்கலாம்!"

பதினொன்றாகப் பார்த்தான், பதின்மூன்றாகப் பார்த்தான். ஒன்றையும் விடாமல் முந்நூற்றுப் பதினாறு வரை வந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் யாராவது மிஞ்சினார்கள். நாக்கு தள்ள, முந்நூற்றுப் பதினேழுக்குக் கை நீட்டினான்.

தைலம்மை சிரித்தாள். "அத்தனை வீடாகப் பிரித்தால் வீட்டுக்கு அத்தனை பேர்கூடத் தேறமாட்டார்கள். மிச்சமில்லாமல் பிரியும் என்றால், அந்தச் சின்ன எண்ணிக்கையில் வீடுகளாகப் பிரித்தபோதே பிரிந்திருக்கும். அந்தச் சின்ன எண்களையெல்லாம்தான் பார்த்து முடித்துவிட்டாயே, மக்கு! தோற்றாய், போ!"

 கூறனின் வாய் தானாகப் பிளந்தது. பன்னிரண்டு குதித்து வந்தது, நூறு வந்தது, இலட்சம் தலைகுனிந்து வந்தது. நரி காட்டுக்குள் ஓடிய வேகத்தில் வால் பின்னால் ஓடிற்று! சிரித்த ஊரே தைலம்மை வாசலில் திரண்டு குலவையிட்டது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் வகுபடாத எண்ணைப் பகா எண் என்று உலகம் மரியாதையோடு அழைப்பதும், கணினியில் ரகசியங்களைப் பூட்டிவைக்க இன்றைக்கும் பெரிய பெரிய பகா எண்களாகத் தேடிப் பிடிப்பதும் அந்த நாளிலிருந்துதான்.