பதினொரு காம்புகள்

மாசிலாமணிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வரப்புத் தகராறுகளுக்கு நடுவே நின்று கத்தியே பழகிய மனுஷன். ஓய்வு பெறும்போது அளவுச் சங்கிலியை ஒப்படைத்தார், வரைபடங்களை ஒப்படைத்தார். கோபத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதோடு கூட ஒரு கேமராவும் வாங்கினார்.

அவருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்த செண்பகவல்லி டீச்சர் அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். மரப்பட்டையில் முளைக்கிற காளான்களைத்தான் படம் எடுப்பார். மிளகளவு கூட இல்லாத குடையைக் கதவளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுவார். வால்பாறைக்கு மேலே, சோலைக்காட்டு ஓரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, மழைக்காலத்தில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்வார். பேச்சு குறைவு. படத்தைக் காட்டினால் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு அர்த்தம் தேடியே மாசிலாமணிக்கு மூன்று மழைக்காலம் போயிருந்தது.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் கண்காட்சி என்று ஏற்பாடாயிற்று. மாணவர்கள் எடுத்ததில் பத்துப் படங்களை டீச்சர் தேர்ந்தெடுத்து, கீழே பெயர் எழுதிச் சுவரில் மாட்டுவார். தேர்வு நடப்பதற்கு முன்பே மாசிலாமணி பழைய ஆபீஸ்காரர்கள், சம்பந்தி வீட்டார் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டார். பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். ஆனால் கூடப் படிக்கிற நசீரின் படம் பட்டியலில் இருந்தது. நத்தை தின்று பாதிக் குடை போன ஒரு காளான், அதன் மேல் ஓர் எறும்பு, சுற்றிலும் மக்கிய இலை. மாசிலாமணிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது.

நேரே டீச்சரிடம் போனார். டீச்சர் சமையலறை வாசலில் உட்கார்ந்து, கணுக்காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என் படத்துல என்னங்க குறை?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நாலு மணி நேரம் ஈரத்தில் மண்டி போட்டதைச் சொன்னார். மயிரிழை மயிரிழையாக ஃபோகஸை நகர்த்தி அறுபது படம் எடுத்ததை, அதைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க ரெண்டு நாள் ஆனதைச் சொன்னார். மூன்று குடை, செதுக்கி வைத்த மாதிரி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். பக்கத்தில் ஒரு தூசு தும்பு உண்டா?

"நத்தை எச்சிலுக்கு இருக்கற மரியாதை என் உழைப்புக்கு இல்லீங்களா?"

"இதை எங்க எடுத்தீங்க சார்?" என்றார் டீச்சர்.

இடத்தை அவர் யாருக்கும் சொல்வதில்லை. "எதுக்குங்க?" என்றார்.

"காட்டுங்க, போலாம். கேமராவையும் எடுத்துக்கோங்க."

வழியெல்லாம் மாசிலாமணிதான் பேசினார். நாலு நாள் ஆகிவிட்டது, அந்த ஜாதிக் குடைக்கு ரெண்டு நாள்தான் ஆயுசு, போனால் ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். டீச்சர் "ம்" என்றார்.

ஒரு பெரிய நாவல் மரம். அடியிலிருந்து தலைக்கு மேல் வரைக்கும் பாசி. முழங்கால் உயரத்தில் ஒரு கையகலம் மட்டும் துலக்கிய பாத்திரம்போல வெறும் பட்டையாக இருந்தது. டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதே லென்ஸ், அதே தூரம். ஒரு படம் எடுங்க சார்."

"எதைங்க எடுக்கறது? ஒண்ணுமே இல்லையே."

"இருக்கறதை எடுங்க."

மாசிலாமணி முக்காலியைப் படாரென்று விரித்து ஊன்றினார். இவள் என்னை வைத்து விளையாடுகிறாளா என்று உள்ளே குமுறினார். ஆனாலும் பழகிய கை. படம் துல்லியமாக விழுந்தது. கேமராத் திரையில் அதைப் பெரிதாக்கினார்.

முதலில் பிரஷ் தேய்த்த கோடுகள் தெரிந்தன. அப்புறம் கறுப்பு முனைகள். அந்தக் காளானுக்குக் காம்பு தலைமுடி போல இருந்தாலும் கம்பி மாதிரிக் கெட்டி. குடை போனாலும் காம்பு சுலபத்தில் மக்காது. எல்லா முனையும் ஒரே உயரத்தில் நின்றன, ஒவ்வொன்றும் நசுங்கித் தட்டையாக இருந்தது. முள்வாங்கியால் கிள்ளினால்தான் அப்படி நசுங்கும்.

"எத்தனை சார்?"

அளந்தே பழகியவர், எண்ணிவிட்டார். "பதினொண்ணுங்க."

"உங்க படத்துல மூணு."

"மிச்சம் எட்டும் குறுக்கால நின்னுச்சுங்க. கோணலும் மாணலுமா. ஃப்ரேம் சுத்தமா இருக்க வேண்டாமா?" அவர் குரல் ஏறியது. ஊரில் யார்தான் இதைச் செய்யவில்லை என்று கேட்டார். காளான் எடுக்கிற யார் பையைத் திறந்தாலும் பிரஷ் இருக்கும், முள்வாங்கி இருக்கும், சொட்டு வைக்க ஸ்ப்ரே பாட்டில் இருக்கும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது நடுவில் கிடக்கிற நாற்காலியை எடுத்துப் போடுவதில்லையா? இதற்குத்தானா இவ்வளவு தூரம் நடக்கவிட்டீர்கள் என்று அவர் கத்தியதில் மேலே இருந்த ஒரு பறவை எழுந்து போயிற்று.

அவர் முடிக்கிறவரை டீச்சர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எட்டுக்காகத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்," என்றார். "பதினொண்ணு இருக்கும்னு நான் நினைக்கலை."

மாசிலாமணி மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"படம் எடுத்து முடிச்ச பிறகு, அந்த மூணை எதுக்கு சார் கிள்ளினீங்க?"

மூன்று வருஷத்தில் டீச்சருக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை. சத்தம் ஏறவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. நத்தை தின்றிருக்கும் என்று சொல்லலாமா என்று மாசிலாமணி ஒரு கணம் யோசித்தார். நத்தைக்கு முள்வாங்கி ஏது?

"நசீர் பின்னாலேயே வந்துட்டு இருந்தானுங்க," என்றார். "அவனும் இதையே எடுத்துட்டான்னா..."

காலையிலிருந்து கொதித்த கோபத்தைத் தேடிப் பார்த்தார். இப்போது அது கொஞ்சம் இருந்தால் நன்றாயிருக்கும். இல்லை. வெட்கம்தான் இருந்தது, மழைச்சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது.

டீச்சர் கேமராவை வாங்கி, உள்ளேயிருந்த கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்காட்சிக்கு உங்க படம் ரெண்டு எடுத்துக்கறேன் சார். அந்த மூணு குடையும், இதுவும். பக்கத்துல பக்கத்துல மாட்டறேன்."

சம்பந்தி வேட்டி மடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பது மாசிலாமணியின் கண்ணில் வந்து நின்றது. எண்ணத் தெரிந்த பழைய ஆபீஸ்காரர்கள் வேறு வருவார்கள்.

"மாட்டுங்க டீச்சர்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "பேர் மட்டும் போட வேண்டாமுங்க."

"அந்த மூணையும் யார் கிள்ளினதுன்னு கேப்பாங்க," என்றார் டீச்சர். "நான் யார் பேரைச் சொல்லட்டும்?"