சூசைராசு எப்படி இறங்கினான்

பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாலைகளில் பாலத்துக்குக் கீழே பறைச் சத்தம் கேட்கும். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். அதனால் அநேகமாக எல்லா மாலைகளிலும் கேட்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே பறையும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவள் அமலோற்பவம். பகலில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்காருவாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் காலனிப் பிள்ளைகள் அவளை வாத்தியார் என்றுதான் சொன்னார்கள். நேரில் மட்டும் அக்கா.

அவளிடம் கற்றவர்களில் பாட்டுக் கட்ட வந்தது மதியரசனுக்குத்தான். அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

சூசைராசு செத்தபோது மதியரசன் அவன்மேல் ஒரு பாட்டுக் கட்டினான்.

சூசைராசு தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கம்பெனிக்காரர்கள் போலீசிடம் வேறு கதை சொன்னார்கள். ஞாயிறு விடுமுறை, யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை, மோட்டார் திருடச் சுவர் ஏறிக் குதித்தவன் தொட்டிக்குள் விழுந்துவிட்டான் என்றார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை என்கிற தைரியம் அவர்களுக்கு.

அன்று அவனோடு வேலைக்குப் போனவர்கள் மூன்று பேர். காலனியில் எல்லோருக்கும் அது தெரியும். மூவருமே, "நாங்க அன்னைக்கு வீட்லதான் இருந்தோம்" என்றார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கம்பெனி வெளியே அனுப்பினால் வேறு போக்கிடம் இல்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. செலினாவை நினைத்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

செலினா சூசைராசுவின் மனைவி. அவர்களுடைய மகள் ஜெனி பள்ளிக்கூடத்தில் 'திருடன் பொண்ணு' ஆகிவிட்டாள். ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்தவள், அப்புறம் போகவே இல்லை. செலினா எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான். அந்தத் 'திருடன்' என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

மதியரசனின் பாட்டு போன இடமெல்லாம் எடுபட்டது. மாதா கோயில் திருவிழாவில் பாடினான், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கல்லூரியில் பாடினான், கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பாலத்தடிக்குத் திரும்பி வந்து அவன் கேட்டான்.

"அக்கா, பாட்டுல எதனா குறை இருக்குதா?"

இல்லை என்ற பதிலுக்காகவே கேட்கப்படும் கேள்வி அது. நாமும் கேட்டிருக்கிறோம்.

அமலோற்பவம் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஜெனி ஸ்கூலுக்குப் போறாளா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்போ ஏதோ குறை இருக்குது."

மதியரசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"கேட்டவங்க எல்லாரும் அழறாங்கக்கா."

"அழுதுட்டு?"

"அழுதுட்டு... வீட்டுக்குப் போறாங்க."

அவள் பறையைத் திருப்பி மறுபக்கத்தைத் தீயில் காட்டினாள்.

"'சிங்கம்போல எறங்குனானே சூசைராசு'ன்னு ஒரு வரி வெச்சிருக்கியே. நீ பாத்தியா?"

"இல்ல."

"பாத்தவங்க யாராவது சொன்னாங்களா?"

"அவங்கதான் வாயில கொழுக்கட்டைய வெச்சிருக்காங்களே. ஆனா சூசைராசு தைரியசாலிக்கா. அப்படித்தான் எறங்கியிருப்பான்."

"அந்த வரிய மாத்து. 'அழுதுக்கிட்டே எறங்குனானே சூசைராசு'ன்னு பாடு."

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகத் தெரியவில்லை.

"இன்னாக்கா இது? செத்தவனப் போயி கோழையாக்குறதா? அது பொய்யிக்கா."

"இருக்கலாம். எனக்கும் தெரியாது."

"தெரியாம எப்படிப் பாடுறது?"

"இத்தினி நாளு பாடினியே."

 அவனுக்குக் கோபம் வந்தது. அமலோற்பவம் பறையைத் தோளில் மாட்டினாள்.

"செலினாகிட்ட மொதல்ல கேக்கணும். அவ வேணான்னா வேணாம். வா."

செலினா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்ல மதியரசனுக்கு நாக்கு எழவில்லை. அமலோற்பவமே சொன்னாள். எந்த வரி, என்ன மாற்றம், எங்கே பாடப் போகிறோம், யார் காதில் விழ வேண்டும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

செலினா முறத்தைக் கீழே வைத்தாள்.

"பலிக்குமா?"

"தெரியாதும்மா. பலிக்கலன்னா அந்தப் பழி எனக்கு."



"திருடன்னே சொல்லிட்டாங்க. அழுதான்னு சொன்னா மட்டும் குறைஞ்சிடவா போறாரு? பாடுங்க. நானும் வரேன்."

மறுநாள் சாயங்காலம், தோல் கம்பெனியில் ஷிப்ட் விடும் நேரம். எதிரே இருந்த டீக்கடை முன்னால் பறைகள் வட்டம் கட்டின. வேலை முடிந்து வந்தவர்கள் கிளாசும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். கன்னியப்பன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று சூசைராசுவோடு போன மூவரில் மூத்தவர் அவர். மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பாட்டை அவர்கள் திருவிழாவிலேயே கேட்டவர்கள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள், முடிந்ததும் குனிந்தபடியே போய்விட்டார்கள்.

செலினா பறைக்காரர்களுக்குப் பின்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியரசன் பாடினான்.

*காக்கா கத்தும் வேளையில*
*கஞ்சிகூடக் குடிக்காம*
*கூப்புட்ட குரலுக்கு ஓடுனானே சூசைராசு*

பறை அடித்தவர்கள் கடைசி வரியைத் திருப்பிப் பாடினார்கள். அடுத்தது அந்த வரி.  மதியரசன் செலினா நிற்கும் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

*அழுதுக்கிட்டே எறங்குனானே சூசைராசு*

பறைக்காரர்கள் திருப்பினார்கள்.

*அழுதுக்கிட்டே எறங்குனானே சூசைராசு*

அவன் மறுபடியும் பாடினான். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணைத் திறந்தான். எதிரே கன்னியப்பன். டீ கிளாஸ் தரையில் உடைந்து கிடந்தது.

"எவன்டா உனக்குச் சொன்னது அவன் அழுதான்னு? எவன்டா சொன்னது?"

பறை நின்றுபோயிற்று.

"அழலடா அவன்! சிரிச்சுக்கிட்டே எறங்குனான்! எம்முறைடா அது. நான் எறங்க வேண்டியது. எனக்கு ஜொரம். 'நீ குந்துண்ணா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே எறங்குனான்டா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். டீ மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார். பின்னால் நின்ற இருவரில் ஒருவன் மெல்ல நழுவினான். மற்றவன் நழுவவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா. சூப்பர்வைசர்தான் அவனக் கூட்டியாரச் சொன்னாரு. நாங்க நாலு பேருந்தான் இருந்தோம்" என்றான்.

செலினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கன்னியப்பன் அவள் காலில் விழுந்துவிடுவார் போல இருந்தது. நாலு மாதமாக அவள் தெருவில் வந்தால் அவர் வேறு தெரு வழியாகப் போனவர். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் கேட்டது வேறு.

"சிரிச்சாராண்ணா?"

"சிரிச்சான்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் தன் புருஷன் எப்படி இறங்கினானோ என்று ஒவ்வொரு விதமாக நினைத்து நினைத்துச் செத்தவள் அவள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அங்கே யாருக்கும் டீ இறங்கவில்லை.

கன்னியப்பன் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் அதையே சொன்னார். நழுவாதவனும் கூடப் போனான். கம்பெனிக்காரர்கள் ஆசை காட்டினார்கள், மிரட்டினார்கள். இருவரும் சொன்ன சொல்லிலிருந்து நகரவில்லை. வேலை போயிற்று. கன்னியப்பன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். சூப்பர்வைசர்மேல் வழக்கு திரும்பியது. திருட்டு என்ற பேச்சு போலீஸ் வழக்கிலிருந்து போனது, பிறகு ஊரிலிருந்தும் மெதுவாகப் போனது. ஜெனியைச் செலினா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள்.

மதியரசனுக்குக் கன்னம் வீங்கியது இரண்டு நாளில் வற்றிவிட்டது. மனசில் ஒன்று மட்டும் வற்றவில்லை.

"அக்கா, நான் முன்னாடி பாடினதும் பொய்தானே? சிங்கம்போல எறங்கினான்னு. திருவிழாவுல ஏன் கன்னியப்பண்ணன் எழுந்து வரல?"

"நல்லவிதமா சொன்ன பொய்ய யாருடா திருத்துவாங்க?" என்றாள் அமலோற்பவம். "எங்க தையல் லைன்ல மேனேஜர் வந்து கேள்வி கேட்டா ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா. ஒருத்தி தப்பாத் தைக்கட்டும், அப்படி இல்லடின்னு அவளவ மெஷினுலேர்ந்து எழுந்து வருவா."

"அவரு கேட்டுட்டு சும்மா போயிருந்தா?"

"செலினா முன்னாடி நான் தலை குனிஞ்சு நின்னிருப்பேன். அன்னைக்குப் பூரா எனக்குக் கை நடுங்கிக்கிட்டுத்தான் இருந்தது. நீ கண்ண மூடிக்கிட்டுப் பாடினதால பாக்கல."

மதியரசன் வாத்தியாரின் கையைப் பார்த்தான். இத்தனை நாளும் அந்தக் கைக்கு நடுக்கமே கிடையாது என்று நினைத்திருந்தான்.

"இப்போ வரிய மாத்திடவா? சிரிச்சுக்கிட்டேன்னு."

"மாத்து. ஆனா அத நீ பாடாத. கன்னியப்பண்ணன் பாடட்டும்."

"அவருக்குப் பாடவே வராதுக்கா."

"உனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?"

அதிலிருந்து கன்னியப்பன் குழுவோடு வந்தார். முழுப் பாட்டும் மதியரசன் பாடுவான். அந்த ஒரு வரிக்கு மட்டும் கன்னியப்பன் முன்னால் வந்து நிற்பார். குரல் கட்டை. தாளம் எங்கேயோ, அவர் எங்கேயோ. சில நாள் பாதி வரியில் தொண்டை அடைத்து அப்படியே நின்றுவிடுவார். பறைக்காரர்கள் அவரை விட்டுவிட்டுத் தாளத்தில் முன்னால் போய்விட்டு, மறுபடி வந்து பிடிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுநாளும் மார்க்கெட்டிலிருந்து நேரே, தலையில் சும்மாட்டுத் துணியோடு, பாலத்தடிக்கு வந்து நிற்பார்.

இப்படி இருக்கையில் சென்னையில் ஒரு பெரிய கலைவிழாவுக்கு அழைப்பு வந்தது. பல ஊர் இளைஞர்கள் ஒரே மேடையில் பாடப் போகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மதியரசனுக்கு ராத்தூக்கம் போயிற்று. பாட்டை மறுபடி மறுபடி பழகினான். பழகப் பழக அந்த ஒரு வரிதான் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் வருவதற்கு முன்னாலேயே பாலத்தடிக்கு வந்துவிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"சென்னையில மட்டும் அந்த வரிய நானே பாடிடறேன். அண்ணன மேடையில ஏத்தி உக்காரவெப்போம். சால்வை போடுவோம். மைக்கில அவரு பேரச் சொல்லுவோம்."

அமலோற்பவம் பறை காய்ச்ச வைக்கோலைக் குவித்தாள். மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் மேலே சொன்னான்.

"மரியாதை இல்லாம சொல்லலக்கா. அன்னைக்கு அறை வாங்கினவன் நான், எனக்கு அவருமேல ஒண்ணுமில்ல. ஆனா அந்த எடம் வந்தா அவருக்குத் தொண்டை அடைக்குது. நிக்கிறாரு. பறை அவர விட்டுட்டுப் போயிடுது. ஊருக்குள்ள பரவால்ல. அவ்ளோ பெரிய மேடையில, அவ்ளோ பேருக்கு முன்னாடி, அவருக்காகப் பறைய நிறுத்தி வெக்க முடியுமா?"

தூரத்தில், மணலில் கால் புதையப் புதைய கன்னியப்பன் வந்துகொண்டிருந்தார். அமலோற்பவம் அவரைப் பார்த்தாள். பிறகு மதியரசனைப் பார்த்தாள்.

"அந்த மனுசன் வாயத் தொறக்க நாலு மாசம் ஆச்சுடா. நம்ம பறை நாலு அடி நிக்காதா?"