தேன் விலை கூவிய குயில்

அந்தக் காலத்தில், குயிலும் கரடியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, குயிலின் குரலில் இப்போதிருக்கிற ஏற்ற இறக்கமெல்லாம் கிடையாது. ஒரே குரல், ஒரே கூவல். காட்டு ஓடையின் ஒரு கரையில் பெரிய கரடி தேன் விற்றது, எதிர்க்கரையில் சின்னக் கரடி. இரண்டும் அண்ணன் தம்பிதான், ஆனால் முகம் பார்த்துப் பேசாது. அப்போது காசு ஏது? கழற்சிக்காய்தான் காசு. வாங்க வருகிறவர் காயைப் பானைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் போட்டுவிட்டு, தொன்னையில் தேனை மொண்டுகொண்டு போகலாம்.

விலை சொல்வதற்குப் பெரிய கரடி செங்கண்ணன் என்ற குயிலை வைத்திருந்தது. கூட்டம் கூடினால் ஒரு காய் ஏற்று, ஆளே இல்லையென்றால் ஒன்று இறக்கு. இவ்வளவுதான் வேலை. செங்கண்ணனும் மரத்து உச்சியில் உட்கார்ந்து, வழியைப் பார்த்துப் பார்த்து, ஒரே நாளில் பல தடவை விலையை மாற்றிக் கூவும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தம்பி சும்மா இருக்குமா? அதுவும் ஒரு குயிலைப் பிடித்துத் தன் கரை மரத்தில் உட்கார வைத்தது.

அண்ணனுக்கு அங்கேதான் புத்தி கோணலாகப் போனது. மலைக்குத் தேனெடுக்கக் கிளம்பும்போது செங்கண்ணனைக் கூப்பிட்டது.

"இனிமே கூட்டத்தைப் பாக்காதே. எதிர்க்கரையில என்ன விலை சொல்றானோ, அதைவிட நீ ஒண்ணு கூடச் சொல்லு. விலை கூடன்னா சரக்கு ஒசத்தின்னு எல்லாரும் இங்கேதான் வருவாங்க."

"சரிங்கண்ணே."

தம்பியும் மலைக்குப் போகுமுன் தன் குயிலிடம், "அவன் சொல்ற விலையையே நீயும் சொல்லு. நான் என்ன அவனுக்குக் கொறைச்சலா?" என்றது.

கரடிகள் இரண்டும் போய்விட்டன. செங்கண்ணன் "நாலு" என்று கூவியது. எதிர்க்கரையும் "நாலு" என்றது. அதைவிட ஒன்று கூட வேண்டுமே! "அஞ்சு" என்றது செங்கண்ணன். "அஞ்சு" என்றது எதிர்க்கரை. "ஆறு!" விலை ஏற ஏறக் குரலும் ஏறியது. எதிராளியை அமுக்க வேண்டாமா? வெயில் உச்சிக்கு வருவதற்குள் விலை நாற்பதைத் தாண்டிவிட்டது. அடேயப்பா, தேனா அது, தங்கமா! வாங்க வந்ததெல்லாம் திட்டிக்கொண்டே திரும்பிப் போயின.

அப்போது பூவாத்தா என்ற சருகுமான் மூச்சிரைக்க ஓடி வந்தது. காட்டுத்தீயில் அதன் குட்டிக்கு முதுகு வெந்துபோயிருந்தது. புண்ணில் தடவத் தேன் வேண்டும். பூவாத்தாவிடம் இருந்ததோ நாலே காய்.

"தம்பி, நேத்து மூணுதானே சொன்னே?"

"நேத்து மூணுதான்க்கா. இப்போ நாப்பத்திரெண்டு."

சொல்லி வாய் மூடவில்லை, எதிர்க்கரையிலிருந்தும் நாற்பத்திரண்டு வந்தது. "நாப்பத்திமூணு!" என்று கூவியது செங்கண்ணன்.

பூவாத்தா ஓடையைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஓடியது. அங்கேயும் அதே விலை. திரும்பி வருவதற்குள் இங்கே இன்னும் ஏறியிருந்தது. பானை நிறையத் தேன் இருக்கிறது, அந்த விலைக்கு வாங்க ஆளில்லை, குட்டியோ பக்கத்துப் புதரில் கிடந்து கத்துகிறது. செங்கண்ணன் புதர்ப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"நான் என்னக்கா செய்ய? சொல்லிட்டுப் போனதைத்தான் சொல்றேன்."

"சொன்னவங்க எங்கே?"

"மலையில."

"அப்போ இங்கே இருக்கறது யாரு? நீதானே? எங்குட்டி கத்தறது உன் காதுலதானே விழுது?"

அடுத்த விலையைக் கூவ வாயைத் திறந்த செங்கண்ணனுக்குக் குரல் பாதியிலேயே அறுந்தது. அலகை மூடிக்கொண்டது. எதிர்க்குயில் காத்திருந்து பார்த்தது. இந்தப் பக்கம் ஒன்றும் சொல்லவில்லையென்றால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? அதுவும் வாயை மூடிக்கொண்டது.

பிறகு செங்கண்ணன் அடிக்குரலில், "மூணு" என்றது. எதிர்க்கரையும் "மூணு" என்றது. உடனே செங்கண்ணனின் தொண்டையில் "நாலு" வந்து முட்டியது. அதை அடக்கிக்கொண்டு, "சீக்கிரம் மொண்டுக்கோக்கா!" என்று கத்தியது. பூவாத்தா காயைப் போட்டு, தேனை மொண்டுகொண்டு குட்டியிடம் ஓடியது. குட்டி பிழைத்தது.

வழியெல்லாம் விலைக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு சாயங்காலம் பெரிய கரடி வந்து பார்த்தால், பானையில் ஒரு தொன்னைத் தேன்தான் குறைந்திருக்கிறது.

"ஒண்ணு ஏத்துன்னு சொன்னா, வானம் வரைக்குமாடா ஏத்துவே?"

"எங்கே நிறுத்தணும்னு நீங்க சொல்லலையேண்ணே."

"அதையுமா நான் சொல்லணும்?"

"வேற யாரு சொல்லுவா?"

கரடி தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. செங்கண்ணன் அப்போதே வேலையை விட்டுவிட்டது. தொண்டைதான் பழக்கத்தை விடவில்லை.

அன்று முதல்தான் குயில் அடிக்குரலில் தொடங்கி, படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகிறது. நீங்கள் கீழே நின்று பதிலுக்குக் கூவினால், உங்களைவிட ஒரு படி ஏற்றித்தான் கூவும். ஆனால் உச்சிக்குப் போனதும், யாரும் சொல்லாமல் தானாகவே சட்டென்று நிறுத்திவிடும்; கீழே யாரோ ஒருத்தி தேனை மொண்டுகொண்டு போகிற வரைக்கும் காத்திருப்பதுபோல வாயைத் திறக்காது.