தப்பு அடித்த முயல்

காட்டாற்றங்கரையில் ஒரு புங்கமரம். அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு தப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

தப்பு என்றால் நாம் தினமும் செய்கிற தப்பு இல்லை. வட்டக் கட்டையில் தோல் கட்டி, இரண்டு குச்சிகளால் அடிக்கிற தப்பு. எப்போதோ திருவிழாவுக்குப் போன மனிதர்கள் மறந்து விட்டுப் போனது. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒரு மந்தி அதை அடிக்கும். சத்தம் கேட்டதும் மிருகங்கள் எல்லாம் மேட்டுப் பாறைக்கு ஓடிவிடும்.

இத்தனை நாளாய் அடித்துவந்த மந்தி, மகளைக் கட்டிக்கொடுத்த மலைக்கே குடிபோய்விட்டது. காட்டுக்குப் பெரியவளான ஆனையம்மா எல்லா மிருகங்களையும் கூட்டினாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை காலையில தப்பு அடிக்க ஆள் எடுக்கிறோம்! யாரு வேணும்னாலும் வந்து அடிச்சுக் காட்டலாம். தப்பில்லாம அடிக்கிறவங்களுக்கு வேலை. மந்தி இருந்த மேட்டுப் பாறைக் குகையும் அவங்களுக்கே!"

குகை என்றதும் மொச்சையின் காது நிமிர்ந்தது.

மொச்சை ஒரு முயல். ரொம்பக் கூச்சக்காரி. நாலு பேர் நிற்கிற துறையில் தண்ணீர் குடிக்கக்கூட வெட்கப்படுவாள். அவளுக்கு மூன்று குட்டிகள். ஆற்றை ஒட்டிய பள்ளத்தில்தான் அவள் வளை. போன மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து, குட்டிகள் மூன்று நாள் ஈரத்திலேயே நடுங்கின. இதோ அடுத்த மழை வரப்போகிறது. அந்தக் காய்ந்த குகை மட்டும் கிடைத்தால்!

பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். மொச்சை அவள் வாசலில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி?" என்றாள் முள்ளக்கா.

"அது வந்து அக்கா... நானும் போய் அடிக்கட்டுமா?"

"இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் நின்னே! போய் அடி!"

"எனக்கு அடிக்கத் தெரியாதே!"

"ஆறு நாள் இருக்குல்ல? கத்துக்க. புள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன். என் முள்ளு மேல சாயாம இருக்கச் சொல்லு, அது போதும்!"

முள்ளக்கா அதோடு விடவில்லை. முதுகிலிருந்து உதிர்ந்த நீளமான முள் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தப்புக்கு ஒரு நீளக் குச்சி வேண்டும், ஒரு குட்டைக் குச்சி வேண்டும். நீளக் குச்சி கிடைத்துவிட்டது. குட்டைக் குச்சிக்கு மொச்சை பூவரச மரத்தடியில் தேடினாள். மரத்தின் உச்சியில் மரங்கொத்தி கொண்டையன் கொத்திக்கொண்டிருந்தான். அவன் கொத்திய கிளைத்துண்டு ஒன்று பொத்தென்று அவள் முன்னால் விழுந்தது. கைக்கு அளவாக இருந்தது.

"அண்ணே, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"குப்பைதானே, எடுத்துக்க. எதுக்கு, பல்லு குத்தவா?"

"தப்பு அடிக்க..."

கொண்டையன் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து கால் வழுக்கிவிட்டது. "நானும்தான் வெள்ளிக்கிழமை அடிக்கப் போறேன்! பாவம், உனக்கு எதுக்கு இந்த வேலை!"

மொச்சை குச்சியோடு திரும்பினாள். வளைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த பனைமரக் கட்டையில் அடித்துப் பழக ஆரம்பித்தாள்.

டண் டண் டண் டண்.

நாலு அடி அடிப்பாள். பிறகு ஒரு நிறுத்தம். காது இரண்டும் வளைப் பக்கம் திரும்பும். குட்டிகள் சத்தம் ஏதும் இல்லையென்றால் மறுபடி நாலு அடி. மறுபடி நிறுத்தம்.

"ஏ மொச்சை! வண்டி நடுவழியில நிக்குதே, மாடு படுத்துக்கிச்சா?" என்று மேலேயிருந்து கத்தினான் கொண்டையன்.

"இல்லண்ணே, புள்ளைங்க அழுத மாதிரி இருந்துச்சு."

"தப்பு அடிக்கச் சொன்னா தப்புத் தப்பா அடிக்கிறியே!"

மொச்சைக்கு அழுகை வந்தது. அவன் சொல்வதும் நிஜம்தானே? நிற்காமல் அடிக்க எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. நாலாவது அடி முடிந்ததும் காது தானாகத் திரும்பிவிடுகிறது. நான்காம் நாள் ஒரு யோசனை செய்தாள். இலவம்பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள்.

இப்போது கை நிற்கவே இல்லை! டண்டண்டண்டண்டண்! அவளுக்கே ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

யாரோ காதைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால், முள்ளக்கா. ஒரு கையில் கடைசிக் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு.

"உன் பின்னாடியே வந்து சேத்துக் குழியில விழுந்துட்டான்! எவ்வளவு நேரமாக் கத்துறான், உனக்குக் கேக்கலியா? காதை அடைச்சுக்கிட்டு என்னடி அடி வேண்டிக்கிடக்கு!"

மொச்சை பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். குட்டியை நக்கி நக்கிச் சுத்தம் செய்தாள்.

"வேலை கிடைக்கலைன்னாலும் பரவால்லக்கா. நான் நின்னு நின்னுதான் அடிப்பேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு துளி மேகம் இல்லை. குட்டிகளை முள்ளக்காவிடம் விட்டுவிட்டு மொச்சை எல்லோருக்கும் முன்னால் புங்கமரத்தடிக்குப் போனாள். ஆனையம்மா மட்டும் அங்கே இருந்தாள். தப்பைத் தொட்டுப் பார்த்தாள். பனியில் நனைந்து தோல் தொளதொளவென்று இருந்தது.

"ஆனையம்மா... இதைக் கொஞ்சம் வெயில்ல காய வைக்கலாமா? தோல் விறைச்சாதான் சத்தம் வரும்னு முள்ளக்கா சொன்னாங்க."

"அட, இது யாருக்கும் தோணலையே! இந்தா, வை" என்று ஆனையம்மா துதிக்கையால் இறக்கிக் கொடுத்தாள். சுடுபாறையில் காய்ந்து, தோல் கிண்ணென்று ஆனது.

அதற்குள் காடே கூடிவிட்டது. தப்பு மறுபடி மரத்தில் ஏறியது. முதலில் கொண்டையன்.

"தோலைக் கொத்திக் கிழிச்சிடாதேப்பா!" என்றாள் ஆனையம்மா.

"கட்டையில கொத்துறேன், பாருங்க!"

டகடகடகடகடக! விளிம்புக் கட்டையில் அவன் அலகு விழுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு விடாமல் அடித்தான். குரங்குகள் சீட்டி அடித்தன. மான்கள் துள்ளின. "போதும்" என்று ஆனையம்மா சொன்னது கூட அவன் காதில் விழவில்லை. மூன்றாம் தரம் பிளிறிய பிறகுதான் நிறுத்தினான்.

"இனி யாரு இருக்கா?"

மொச்சை முன்னால் வந்தாள். நீள முள்ளை ஒரு கையிலும், குட்டைக் குச்சியை ஒரு கையிலும் பிடித்தாள்.

டண் டண் டண் டண்.

நிறுத்தம். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டண் டண் டண் டண்.

நிறுத்தம். காது திரும்பியது. ஆனால் இந்தத் தடவை வளைப் பக்கம் இல்லை. ஆற்றின் மேற்குப் பக்கம். எங்கேயோ தொலைவில் கல்லும் கல்லும் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். மொச்சைக்கு அந்தச் சத்தம் தெரியும். போன மழையில் கேட்ட சத்தம். இங்கே வெயில் அடித்தால் என்ன, மலையில் மழை பெய்திருக்கிறது!

இத்தனை பேர் முன்னால் அவளுக்குப் பேச்சே வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"தப்பு!" என்றாள். "தப்பு! தப்பு!"

"ஆமா, தப்புதான்! எங்களுக்கே தெரியுது, போய் உட்காரு!" என்றான் கொண்டையன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பரவால்லம்மா, தப்பு எல்லாருக்கும் வரும். இன்னொரு தரம் அடி" என்றாள் ஆனையம்மா.

"அந்தத் தப்பு இல்லம்மா! தப்பிக்கிற தப்பு! எல்லாரும் தப்புங்க! வெள்ளம் வருது!"

சிரிப்பு நின்றது. ஆனையம்மா காதை விரித்துக் கேட்டாள். உடனே அவள் முகம் மாறியது. "மேட்டுக்கு ஓடுங்க!" என்று பிளிறினாள்.

எல்லோரும் ஓடினார்கள். மொச்சையும் ஓடத்தான் திரும்பினாள். மேட்டுக்கு இல்லை, பள்ளத்துக்கு. குட்டிகள் அங்கேதானே இருக்கின்றன! இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். வளை தூரம். வெள்ளத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர முடியாது. ஆனால் சத்தம் போய்ச் சேரும்.

திரும்பி வந்து குச்சிகளை எடுத்தாள்.

டண்டண்டண்டண்டண்டண்டண்!

நிற்கவே இல்லை. தண்ணீர் புங்கமரத்தின் வேரைத் தொட்டது. அடித்தாள். பாதத்தை நனைத்தது. அடித்தாள். கடைசியில் ஆனையம்மா வந்து அவளையும் தப்பையும் சேர்த்துத் தூக்கி மேட்டுப் பாறையில் வைத்தாள். மறுநிமிடம் கரையெல்லாம் செந்தண்ணீர்.

"என் புள்ளைங்க! என் புள்ளைங்க!" என்று மொச்சை பாறை விளிம்புக்கு ஓடினாள்.

"கத்தாதேடி, இங்கதான் இருக்கோம்!"

பாறைக்குப் பின்னாலிருந்து முள்ளக்கா மூச்சிரைக்க வந்தாள். ஒரு கையில் ஒரு குட்டி. பின்னால் இரண்டு குட்டிகள், ஆளுக்கொரு முள்ளைப் பிடித்துக்கொண்டு. மொச்சை மூன்றையும் அணைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா தெரிஞ்சுது? கொண்டையண்ணனும்தானே நிக்காம அடிச்சாரு?"

"அவன் கொத்துற சத்தம் வேற. நீ நாலு அடிச்சு ஒண்ணு நிறுத்துவே. திடீர்னு நிக்காம அடிச்சே. நிக்காம அடிக்கிறவ என் மொச்சை இல்லையே! என்னமோ ஆபத்துன்னு புள்ளைங்களைக் கிளப்பிட்டேன்."

ஆனையம்மா எல்லோரையும் எண்ணிப் பார்த்தாள். ஒருவர்கூடக் குறையவில்லை. "வேலை மொச்சைக்கு! குகையும் மொச்சைக்கு!" என்றாள். காடே கைதட்டியது. மொச்சை காதால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு மெல்லக் காதை விலக்கினாள். "நான் ஒண்ணு சொல்லணும். இந்த முள்ளு முள்ளக்கா தந்தது. புள்ளைங்க உசுரும் அவங்க தந்தது. குகை பெருசுதானே, அவங்களும் எங்களோட இருக்கட்டும். என்னையும் தப்பையும் தண்ணியில விடாம தூக்கினது ஆனையம்மா. இந்தக் குட்டைக் குச்சி..." பாறைமேல் சாய்ந்த கிளையில் இருந்த கொண்டையனைப் பார்த்தாள். "இது கொண்டையண்ணன் தந்தது. ரொம்ப நன்றிண்ணே."

கொண்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எங்கே தந்தேன், குப்பைன்னு விட்டதுதானே. உன்னைப் பார்த்துச் சிரிச்சவன் நான்."

"குப்பையோ என்னவோ, இன்னைக்கு அதாலதானே அடிச்சேன்!"

கொண்டையன் கீழே இறங்கி வந்தான். "தங்கச்சி, நீ புள்ளைங்களைத் தூங்க வைக்கிற நேரத்துல நான் வேணா ஆத்தைப் பார்த்துக்கிறேன். எந்த இடத்துல நிறுத்தணும்னு மட்டும் சொல்லிக் குடு."

"நாலு அடிச்சதும் நிறுத்துங்கண்ணே. நிறுத்திட்டு, கேளுங்க" என்றாள் மொச்சை.

தன் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி அடுத்தவர் சத்தத்துக்குக் காது கொடுக்கிறவரே ஊரைக் காப்பார். அப்படிக் காத்த பிறகும், தனக்குக் கை கொடுத்தவரை மறக்காதவரே உயர்ந்தவர்.