லைசென்ஸை மாத்திக்கிட்ட மூன்று பேர்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மூன்று டிரைவர்கள் விமானம் ஏறி ஒரு குளிர் நாட்டுக்குப் போனார்கள். போன நாடு நல்ல நாடுதான். போனவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

மூவரில் மூத்தவர் ஒச்சப்பன். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார், அடுத்தவன் பேசினாலும் பொறுக்கமாட்டார். தன் மண்டையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "குளிருக்குக் குல்லா மாட்ட ஒரு இடம் வேணும்ல, அதுக்குத்தான் இது" என்பார். ஆனால் கூட வந்த தவமணியையும் பெத்தண்ணனையும் பக்கத்தில் பார்த்தால், தனக்குக் கொஞ்சம் விவரம் இருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். வினை அங்கேதான்.

வேலை, இட்லி மாவு வேன் ஓட்டுவது. முதலாளி செவ்வந்தியப்பன், சிவகங்கைக்காரர். ஊர் லைசென்ஸ் அங்கே ஆறு மாதம்தான் செல்லும். ஆறாம் மாதக் கடைசியில் முதலாளி மூவரையும் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு பேரும் லைசென்ஸை மாத்திக்கிடுங்க. இல்லேன்னா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. உள்ள உக்காந்து உளுந்து கழுவ வேண்டியதுதான்."

வண்டியை விட்டால் ஒச்சப்பனுக்கு வேறொன்றும் தெரியாது. உளுந்தைப் பார்த்து ஹாரன் அடிக்க முடியுமா?

அன்றைக்கே கூடி உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு பேருன்னா நேரா மாத்திக்கலாம். மூணு பேரு எப்படிண்ணே மாத்துறது?" என்றான் தவமணி.

"உன்னோடதை எனக்குக் குடு. என்னோடதைப் பெத்தண்ணனுக்குக் குடுக்கிறேன். அவன் உனக்குக் குடுக்கட்டும்," என்றார் ஒச்சப்பன்.

"போட்டோவுல வேற ஆளு இருக்கே?" என்றான் பெத்தண்ணன்.

"அதுக்குத்தானடா மாத்தச் சொல்றாக. அதே மூஞ்சின்னா எதுக்கு மாத்தணும்?"

நியாயமாகப் பட்டது. மாத்திக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து ஒச்சப்பன் தவமணி மாதிரி இடப்பக்கம் வகிடு எடுக்க ஆரம்பித்தார். சட்டம் என்றால் சட்டம்.

வியாழக்கிழமை முதலாளி கேட்டார். "மாத்தியாச்சா?"

"அன்னைக்கே ஆச்சு முதலாளி."

முதலாளி மூன்று அட்டையையும் பார்த்தார். மூன்று மூஞ்சியையும் பார்த்தார். பக்கத்திலிருந்த மாவு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், ஆபீஸுல குடுத்துட்டு இந்த நாட்டு லைசென்ஸ் வாங்கணும்யா! நாளைக்குக் கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிருவான். லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்பு வேற கேப்பான், அதையும் ரெடி பண்ணிக்கிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலை லைசென்ஸ் ஆபீஸ். இவர்கள் நேரம், கவுண்டரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். சிவதர்ஷினி என்று பெயர். ஒச்சப்பன் நீட்டிய தாளை வாங்கிப் படித்தாள். 'மொழி: தமிழ். பெயர்: ஒச்சப்பன்.' அவ்வளவுதான் இருந்தது.

"இது என்ன ஐயா?"

"கேட்டதுதாம்மா. மொழி, பெயர். ரெண்டும் இருக்கு."

"அதுக்குப் பின்னால 'ப்பு' எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"அது எதுக்குன்னு புரியலைம்மா. விட்டுட்டோம்," என்றான் பெத்தண்ணன்.

நல்ல பெண். சிரித்து முடித்துவிட்டு அவளே மொழிபெயர்த்து அடித்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "இனி முத்தத்தில அதிகாரி நிக்கிறார். அவருக்கு முன்னால ஆறுதலா ஓடிக் காட்டுங்கோ."

அவள் ஊரில் வண்டி ஓட்டுவதை 'ஓடுறது' என்பார்கள். மெதுவாக என்பதற்கு 'ஆறுதலா', முற்றத்துக்கு 'முத்தம்'. இது உசிலம்பட்டிக்கு எப்படித் தெரியும்?

ஒச்சப்பன் செருப்பைக் கழற்றி வைத்தார். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார். பின்னாலேயே தவமணி ஓடினான். "கவலைப்படாதீகண்ணே, கிடைச்சிரும். மனசைத் தளரவிடாதீக" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே ஓடினான். பெத்தண்ணன் செருப்புக்குக் காவல். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸுக்காக ஓடுகிற கழுதை உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டார் ஒச்சப்பன். அது சரியாகவே இருக்கக்கூடும்.

நாலாவது சுற்றில் சிவதர்ஷினி பதறிக்கொண்டு வந்தாள். "ஐயோ, வேனில ஓடுங்கோ!"

"வேனுக்குள்ளயா? இடம் பத்தாதேம்மா."

"வேனை ஓட்டுங்கோ!"

முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

அதிகாரி முன்னால் ஏறினார். மற்ற இருவரும் பின்னால் மாவு வாளிகளுக்கு நடுவில். சிவதர்ஷினி ஜன்னலில் எட்டிச் சொன்னாள்: "அவருக்குத் தமிழ் தெரியாது. கையால வழி காட்டுவார். அவர் 'நிப்பாட்டு' எண்டு சொல்லும் வரைக்கும் நிப்பாட்டக்கூடாது."

ஒச்சப்பன் தலையாட்டினார். இனி ஒரு தப்பும் நடக்கக்கூடாது.

அருமையாக ஓட்டினார். கால் மணி நேரம் கழித்து அதிகாரி தன் பாஷையில் ஏதோ சொன்னார். 'நிப்பாட்டு' மாதிரி இல்லை. ஒச்சப்பன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஓட்டினார். அதிகாரி மறுபடி சொன்னார். அப்புறம் கத்தினார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்றான் தவமணி.

"பாராட்டுறாரு போல. பேசாம இரு."

ஊர் முடிந்தது. நெடுஞ்சாலை வந்தது. அதிகாரி சிவதர்ஷினிக்குப் போன் போட்டார். அவள் சாப்பிடப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தாள். ஸ்பீக்கரில் அலறினாள்: "ஐயா, நிப்பாட்டுங்கோ!"

"நீ சொல்லக்கூடாதும்மா. அவரு சொல்லணும்," என்றார் ஒச்சப்பன்.

அவள் அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "நீ பாட்டூ!"

"நீ பாட்டுக்குப் போங்கிறாருண்ணே," என்றான் பெத்தண்ணன்.

ஒச்சப்பன் அழுத்தினார். "நீ பாட்டூ! நீ பாட்டூ!" இன்னும் அழுத்தினார். ஒரு ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் கடைசியில் சாலைக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி இருபது அடி போனதும் அதிகாரியின் நாக்கு வசப்பட்டது.

"நிப்பாட்டு."

வேன் அந்த இடத்திலேயே நின்றது.

அதிகாரி பையிலிருந்து தாள்களை எடுத்தார். இந்த ஆள் ஓட்டியதில் ஒரு பிழை இல்லை. கண்ணாடி பார்த்தான், சிக்னல் போட்டான், வேகம் தாண்டவில்லை. தேறிவிட்டான். இன்னும் இரண்டு பேர் பாக்கி. பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். இறங்கினார். பாலத்தின் மேல் நடந்தே போய்விட்டார்.

மணி மூன்று. ஐந்துக்குள் தாளைக் கவுண்டரில் கொடுத்தாக வேண்டும். ஒச்சப்பன் சாவியைத் திருகப் போனார்.

"அண்ணே, நிறுத்துங்க," என்றான் பெத்தண்ணன். "அங்க போர்டைப் பாருங்க. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வேற நாடு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நம்ம பாஸ் பண்ணினது அந்த நாட்டுக்கு. இந்த நாட்டுல ஓட்ட முடியுமா?"

ஒச்சப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார், சுட்டது மாதிரி. இத்தனை பாடுபட்டு வாங்கியதை இருபது அடியில் தொலைப்பதா? உளுந்து கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"தள்ளுவோம். தள்ளுறதுக்கு லைசென்ஸ் வேண்டியதில்ல."

"வேனைத் திருப்பணுமே? ஸ்டியரிங்கைத் தொட்டா ஓட்டுனதா ஆகிடாதா?" என்றான் தவமணி.

ஒச்சப்பன் யோசித்தார். "உள்ள உக்காந்து பிடிச்சாத்தான் ஓட்டுறது. வெளிய நின்னு ஜன்னல் வழியாப் பிடிச்சா அது தள்ளுறதுல சேத்தி."

மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒச்சப்பன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்ப, மற்றவர்கள் முக்கித் தள்ள, மாவு வேன் மெல்லத் திரும்பிக் கோட்டை நோக்கி ஊர்ந்தது. எதிரே வந்த கார்கள் ஒதுங்கி வழிவிட்டன.

முன் சக்கரம் இரண்டும் கோட்டைத் தாண்டியதும் ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

தவமணி பதறிவிட்டான். "அண்ணே, அவசரப்படாதீக! பின் சக்கரம் ரெண்டும் இன்னும் அந்த நாட்டுலதான் கிடக்கு!"

"கிடக்கட்டும்டா," என்றார் ஒச்சப்பன். "அதை யாரு ஓட்டுறா? அது சும்மா பின்னாடி வருது."