வட்டிக்கு ஒரு வாய் மண்

சர்ர்க்... சர்ர்க்...

மரப்பட்டையில் நகம் மாட்டி இழுபடும் சத்தம். கீழேயிருந்து வந்தது. கொஞ்சம் ஏறியது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடியும், சர்ர்க்...

பொன்னலகி முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்க்க வழியில்லை. உயர்ந்த குங்கிலிய மரத்தின் நடுவே ஒரு பொந்துக்குள் அவள் அடைபட்டுக் கிடந்தாள்.

யாரும் பிடித்து அடைக்கவில்லை. அவள் இருவாச்சிப் பறவை. அந்தக் குலத்தின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய்விடுவாள். புருஷன் ஓடைக்கரை மண்ணை வாயில் அள்ளிவந்து கொடுப்பான். அவள் உள்ளேயிருந்து வாசலைப் பூசி அடைப்பாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். பிறகு அவள் சிறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, அவளுக்கும் புதுச் சிறகு முளைக்கும்வரை வெளியே காலெடுத்து வைக்க முடியாது. அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு வருமானம் என்றால் புருஷனின் தொண்டைப் பையில் வருகிற பழம் மட்டும்தான்.

ஆனால் பாதுகாப்புக்குக் குறைவில்லை. காய்ந்துவிட்டால் அந்தச் சுவர் கல்லேதான். பாம்பு முட்டினாலும் அசையாது, குரங்கு பிறாண்டினாலும் பெயராது. கட்டிய இருவாச்சியின் அலகு ஒன்றுதான் அதை உடைக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் பொன்னலகி இத்தனை நாள் உறங்கினாள். இப்போது உறக்கம் போய்விட்டது. ஏனென்றால் கீறல் கீறலாக இல்லை. நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே வந்தது.

சத்தம் பாதி மரம்வரை ஏறியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக இறங்கிப் போனது.

அது போன கொஞ்ச நேரத்தில் துருத்தி ஊதுவது போலச் சிறகடிப்பு கேட்டது. அவள் புருஷன் கொண்டையன் வந்து வாசலில் தொற்றினான். தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பழத்தை எடுத்து உள்ளே நீட்டினான். அத்திப்பழம். அடுத்ததும் அத்திப்பழம். அதற்கடுத்ததும் அதுவே.

"என்னங்க, கீழே ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்துச்சே!"

"காத்தா இருக்கும் புள்ள."

"காத்துக்கு நகம் இருக்குமா?"

 கொண்டையன் கடைசிப் பழத்தைக் கொடுத்துவிட்டு, வாசல் ஓரத்தில் அலகால் ஒரு கொத்துக் கொத்தினான். மண் பெயர்ந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டான்.

"இதென்ன தினமும் சுவரைக் கொத்துறீங்க?"

"உள்ளே புழுக்கமா இருக்குமேன்னுதான்..." என்று மண் கவ்விய வாயால் முனகிவிட்டுப் பறந்துவிட்டான்.

மறுநாள் விடிந்தது. பொன்னலகி வழக்கம்போல வீட்டைப் பெருக்கினாள். தின்று மீந்த கொட்டைகளையும் தோலையும் அலகால் ஒதுக்கி, கீறல் வழியாக வெளியே தள்ளுவதுதான் அவள் பெருக்குவது. குப்பையைப் பார்த்தால் வீட்டு வரவு தெரியும். முன்பெல்லாம் நாவல் கொட்டை இருக்கும், சாதிக்காய் இருக்கும், காட்டு இலந்தை இருக்கும். நாலு மலை சுற்றிச் சம்பாதித்தது என்று குப்பையே சொல்லும். இப்போது எல்லாம் அத்தி. போதாததற்குத் தின்ன முடியாமல் மூலையில் ஒரு குவியல் அழுகிக் கிடந்தது.

'இவர் எந்த மலைக்கும் போகவில்லை' என்று அவளுக்குப் புரிந்தது. 

அன்று கொண்டையன் வந்ததும் அவள் பழத்துக்கு வாய் திறக்கவில்லை.

"இந்தப் பழம் எங்கேயிருந்து வருது?"

"எங்கேயிருந்து வந்தா என்ன? தின்னு!"

"சொன்னாத்தான் தின்பேன்."

கொண்டையன் அப்படியும் இப்படியும் கழுத்தைத் திருப்பினான். "ஓடைக்கரையில ஒரு அத்தி மரம் இருக்கு. அதுக்கு அடியில குடியிருக்கிற உடும்பு அண்ணாச்சி மரத்துக்குச் சொந்தக்காரர். கடனாத் தர்றார். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ மாப்பிள்ளைன்னுட்டார்!"

"கடனா! நமக்கு எதுக்குங்க கடன்? ஒரு தொண்டைப் பழம் ரெண்டு நாளைக்குப் போதுமே!"

"உனக்கென்ன, உள்ளே இருக்கே! அக்கரை மரத்துப் பொந்துல இருக்கிற சிங்காரி தினமும் கூவுறது உன் காதுல விழலியா? 'எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு அஞ்சு நடை கொண்டாந்தார்! எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு ஆறு நடை!' காடே சிரிக்குது புள்ள. என்னைப் பார்த்தா குருவிகூட, 'என்ன மாமா, ஒரு நடையோட சரியா?'ன்னு கேக்குது!"

"குருவி கேட்டதுக்காகவா கடன் வாங்கினீங்க?"

"அதிகமா எதுவும் கேக்கலை அவர். குஞ்சு பறந்த பிறகு அசலைக் கொடுத்தாப் போதும். வட்டிதான் தினம். அதுவும் என்ன, ஒரு வாய் மண்ணு! நம்ம சுவர்ல இருந்து. மண்ணுதானே, நமக்கென்ன நஷ்டம்னு நெனச்சேன்."

 பொன்னலகி குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உடும்பு பழம் தின்னுமா?"

"தின்னாது."

"மண்ணு தின்னுமா?"

"அதுவும்... தின்னாது."

"பின்னே என்னதான் தின்னும்?"

கொண்டையன் வாசலைப் பார்த்தான்.   அவன் அலகாலேயே, தினம் தினம், கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிய வாசல். ஒரு முஷ்டி நுழையும். இன்னும் நாலு வட்டி கட்டினால் ஓர் உடும்பின் உடம்பே நுழையும். உள்ளே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிந்தன.

"ஐயோ புள்ள!" என்றான் அவன். "உங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் யோசிச்சிருப்போம். சரி, இனி வட்டி கிடையாது. அசலைப் பழமாவே திருப்பிக் கொடுப்போம். அரை வயிறு தின்னு மிச்சம் பிடிப்போம்."

"பசியில செத்துப்போக மாட்டியா?"

"பசி வந்தா வயிறுதான் சுருங்கும். அவன் வந்தா வம்சமே சுருங்கிடும்!"

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. வழவழப்பான குரல்.

"மாப்பிள்ளை! பொழுது சாயுதே, வட்டி வரலியே!"

பொன்னலகி மூச்சை அடக்கினாள். கொண்டையன் தாழ்ந்த கிளைக்கு இறங்குவது கேட்டது. 

"அண்ணாச்சி, இனி வட்டி இல்லீங்க. அசலை மொத்தமும் பழமாத் திருப்பித் தந்துடறேன். கொஞ்சம் கொஞ்சமா..."

"பழமா? பழத்தை வச்சுக்கிட்டு நான் என்னடா செய்ய!" என்று உடும்பு சீறியது.

மரத்தில் இருந்த குருவிகள் சட்டென்று பேச்சை நிறுத்தின. உடும்பும் தன் வாய் தவறியதை உணர்ந்தது. உடனே குரலை மறுபடியும் வழுக்கலாக்கிக்கொண்டது.

"சரி மாப்பிள்ளை. பழமாவே கொடு. ஆனா மொத்தமாக் கொடு. நாளைக்கு உச்சிப் பொழுதுக்குள்ள வாங்கின பழம் அத்தனையும் என் மரத்தடியில கிடக்கணும். கிடக்கலைன்னா, ஏறி வந்து நானே வசூல் பண்ணிக்கிறேன்!"

வால் சருகில் புரளும் சத்தம் மெல்லத் தேய்ந்து போனது.

கொண்டையன் மேலே வந்தபோது அவன் சிறகெல்லாம் தொங்கிப் போயிருந்தது. "ஒரு மாசப் பழத்தை ஒரு நாள்ல எங்கே போய்ப் பொறுக்குவேன்? பொறுக்கப் போனா வீட்டுக்குக் காவல் இல்லை. காவல் இருந்தா கடன் தீராது. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டான் புள்ள!"

பொன்னலகி ஒரு நிமிஷம் முட்டைகளைப் பார்த்தாள்.

"பழம் வேண்டாம். மண்ணு கொண்டாங்க."

"என்னது?"

"கடன் அப்புறம். முதல்ல வாசல். போங்க, இருட்டுக்குள்ள எத்தனை நடை முடியுமோ அத்தனை நடை. நீங்க இடிச்சதை நான் பூசறேன்!"

கொண்டையன் பறந்தான். ஓடைக்கும் மரத்துக்குமாக அலைந்தான். களிமண் உருண்டையை வாயில் கொண்டுவந்தான். அவள் வாங்கி அலகின் தட்டைப் பக்கத்தால் அடித்து அடித்துப் பூசினாள். மண் போதாதபோது மூலையில் அழுகிக் கிடந்த அத்தியைப் பிசைந்து சேர்த்தாள். இருட்டி, கண் தெரியாமல் போன பிறகே இருவரும் நிறுத்தினார்கள். விடியல் கீற்று விழுந்ததும் மறுபடி தொடங்கினார்கள். அன்று இருவர் வயிற்றிலும் ஒரு பழம்கூட இறங்கவில்லை.

வெயில் ஏறியது. வாசல் சுருங்கியது. ஆனால் இடித்த மண் மாதிரி இல்லை, பூசிய மண். இடித்தது உடனே இடிந்தது. பூசியது காய வேண்டும். பொன்னலகி அலகால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். மறுபடியும் தொட்டாள். இன்னும் ஈரம்.

சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. கொண்டையன் கடைசி உருண்டைக்காக ஓடைக்குப் போயிருந்தான்.

சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்...

இந்தத் தடவை சத்தம் பாதி மரத்தில் நிற்கவில்லை.

கீறலில் வந்த வெளிச்சம் மறைந்தது. இரட்டையாகப் பிளந்த ஒரு நீல நாக்கு உள்ளே வந்தது. காற்றை நக்கியது. இடது பக்கம் துழாவியது. வலது பக்கம் துழாவியது.

"உள்ளேதான் இருக்கியா தங்கச்சி?" என்றது வழவழப்பான குரல். "பயப்படாதே. கணக்கு முடிக்க வந்திருக்கேன்."

ஈரச் சுவரில் நகம் இறங்கியது. பிசைந்த மாவில் விரல் இறங்குவது போல இறங்கியது. காலையெல்லாம் பூசியது ஒரே இழுப்பில் பிய்ந்து விழுந்தது. ஒரு முன்னங்கால் உள்ளே வந்தது.

பொன்னலகிக்குச் சிறகு இல்லை. பறக்க முடியாது. பின்வாங்க இடமும் இல்லை. அவளிடம் இருந்தது ஓர் அலகு மட்டும்தான். அதைத் தாழ்ப்பாள் மாதிரி ஓட்டைக்குக் குறுக்கே வைத்து, உடம்பு முழுவதையும் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தாள். அந்தக் கால் சுவருக்கும் அலகுக்கும் நடுவே நசுங்கியது.

உடும்பு கத்தியது. ஆனால் விடவில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! நகம் அவள் அலகின் மேல் கோடு கோடாகக் கிழித்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கிழித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நகரவில்லை.

"என்னங்க!" என்று அவள் கூப்பிடவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் தாழ்ப்பாள் திறந்துவிடும்.

தொலைவில் துருத்திச் சத்தம் கேட்டது. நெருங்கியது. கொண்டையனும் கத்தவில்லை. வாயில் மண் இருந்தது, கத்தினால் அது விழுந்துவிடும். வந்த வேகத்தில் நெஞ்சால் உடும்பின் மேல் மோதினான். இரண்டு சிறகாலும் அறைந்தான். ஒரு கால் உள்ளே சிக்கியிருந்த உடும்பு தடுமாறியது. பொன்னலகி அலகைச் சட்டென்று இழுத்தாள். பிடிமானம் போனதும் உடும்பு கிளைக்குக் கிளை மோதிக்கொண்டு கீழே போய் விழுந்தது.

"என் கடன்! என் கடன்!" என்று சருகுக்குள்ளிருந்து சீறியது. நொண்டிக்கொண்டே ஓடையின் பக்கம் போனது.

கொண்டையன் வாயிலிருந்த மண்ணை நீட்டினான்.  "உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

பொன்னலகி திரும்பிப் பார்த்தாள். இரண்டு முட்டைகளில் ஒன்று உடைந்திருந்தது. அவள் கால் பட்டதோ, உடும்பின் நகம் பட்டதோ, தெரியவில்லை. மஞ்சள் மெல்லச் சருகில் ஊறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலை," என்றாள். பிறகு, "ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

கொண்டையனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நெற்றியை மரத்தில் முட்டிக்கொண்டு அப்படியே தொங்கினான். அக்கரையிலிருந்து சிங்காரி கூவினாள்: "எங்க வீட்ல இன்னைக்கு ஏழு நடை!" இங்கே யாருக்கும் அது காதில் விழவில்லை.

"மண்ணைக் கொடுங்க," என்றாள் பொன்னலகி. "காயறதுக்குள்ள பூசணும்."

அதன் பிறகு கொண்டையன் அத்தி மரத்துக்குப் பழம் எடுக்கப் போகவில்லை. தினமும் தூரத்து மலைக்குப் போனான். கிடைத்ததில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாதியை, கை எட்டாத உயரத்தில் பறந்தபடியே, உடும்பின் மரத்தடியில் போட்டான். உடும்பு அதைத் தொடவே இல்லை. எறும்புதான் தின்றது. ஆனாலும் வாங்கியது தீரும்வரை போட்டான். எத்தனை பழம் வாங்கினான், எத்தனை மிச்சம் என்று ஒவ்வொரு மாலையும் பொன்னலகியிடம் சொன்னான். அவள் பசியோடு கேட்டுக்கொண்டாள்.  சருகு அசைந்தாலும் இருவருக்கும் பகீரென்றது. அந்தப் பயம் அந்தப் பருவம் முழுக்கப் போகவில்லை.

ஒரு நாள் காலை மிஞ்சிய முட்டைக்குள் 'டிக்' என்று ஒரு தட்டல் கேட்டது. பொன்னலகி காதை வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டது. வெளியே அவன் பழத்தோடு வர இன்னும் நேரம் இருந்தது. அவள் எழுந்து, நேற்றைய நாவல் கொட்டைகளை அலகால் ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கீறல் வழியே வெளியே தள்ளத் தொடங்கினாள்.

ஊர் மெச்சுவதற்காகத் துணையிடம் மறைத்துக் கடன் வாங்குகிறவன், தன் வீட்டு வாசலைத் தன் வாயாலேயே இடிக்கிறான்.