அடி விழாத சண்டை

"பார்க்க அழகா இருக்காம், வாத்தியாரே. அடிச்சா அடி விழலையாம்."

குமரகுரு சொன்னான். நாற்பத்தொரு வயது. சொல்லும்போது மூச்சு வாங்கியது.

வாத்தியார் என்றது ரோசலினை. இவனைவிட நான்கு வயது சின்னவள். 'கைகலப்பு' என்ற சண்டை கேமின் முதல் பாகத்தை எழுதியவள். இவன் அப்போது அவளிடம் வேலை கற்றான். அவள் இவனை நீ என்பாள், இவன் நீங்க என்பான். அன்றைக்கு விழுந்த வழக்கம், மாறவில்லை.

முதல் பாகம் முடிந்ததும் அவளை யாரும் இருக்கச் சொல்லவில்லை. போய்விட்டாள். இப்போது தாம்பரத்தில் எட்டு டிவி வைத்து கேமிங் சென்டர் நடத்துகிறாள். இவன் அந்தக் கம்பெனிக்கே தலைவன். இரண்டாம் பாகம் இவன் பொறுப்பு.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவள் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னது?"

"ஆடிப் பார்க்கக் கொடுத்தோம். இருநூறு பேர். இருநூறு பேரும் அதையேதான் சொல்றாங்க."

"ரிலீஸ் எப்போ?"

"பன்னிரண்டு நாள்."

"என்னதான் செஞ்சு வெச்சிருக்க?"

அதற்குத்தான் காத்திருந்தான். வியர்வை ஒவ்வொரு சொட்டாகத் தனித்தனியே விழும் என்றான். வேட்டி மடிப்பு காற்றில் அசையும். மண்ணில் விழுந்தால் தூசி எழுந்து, மெதுவாக அடங்கும். எகிறிக் குதித்தால் நிஜ மனிதன் எவ்வளவு நேரத்தில் தரைக்கு வருவானோ அவ்வளவு நேரத்தில்தான் வருவான். பிசிக்ஸ் துல்லியம்.

"முதல் பாகத்துல ஒரு நொடிக்கு அறுபது படம். இதுல நூத்தி இருபது. ஒரு இடத்துலயும் தடங்கல் கிடையாது. தண்ணி மாதிரி ஓடும்."

"ஓடும்," என்றாள்.

"சத்தத்தைக் கூட்டினோம். ரத்தத்தைக் கூட்டினோம். அடி படும்போது திரையையே குலுக்கிப் பார்த்தோம். மெத்தையில குத்துற மாதிரி இருக்குங்கறாங்க."

அவள் எழுந்து போய்க் கடைசி டிவியைப் போட்டாள். முதல் பாகம்.

குமரகுருவுக்குச் சிரிப்பு வந்தது. மூஞ்சி ஒவ்வொன்றும் செங்கல். விரல்களெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டை.

"இதை எப்படி வாத்தியாரே வித்தோம்?"

"ஒரு குத்து குத்து."

குத்தினான். திரையில் ஒருவன் தாடை திரும்பியது.

அவள் அந்தக் குத்தைப் பின்னால் ஓட்டி, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

"எண்ணு."

கை கிளம்பியது. ஒன்று. நீண்டது. இரண்டு, மூன்று. தாடையில் பட்டது. நான்கு.

ஐந்தாவது படம் நான்காவதைப் போலவே இருந்தது. ஆறாவதும். ஏழாவதும்.

"மாட்டிக்கிச்சு," என்றான்.

"எண்ணு."

பன்னிரண்டாவது படத்தில்தான் தலை திரும்பியது.

"எட்டுப் படம். அடிச்சவனும் அசையல, அடி வாங்கினவனும் அசையல," என்றான்.

"ம்."

அதே குத்தைத் தானே இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தான்.

"இது பிழை இல்லையா?"

ரோசலின் ஜாய்ஸ்டிக்கில் இருந்த தூசியை ஊதினாள்.

"நான்தான் இதை எடுத்துட்டேன்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "படம் தேங்கி நிக்குதுன்னு நினைச்சேன். உங்க பழைய கோட்ல மொத்தம் எண்பத்தி நாலு இடம். ஒவ்வொரு அடியிலயும் இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்தேன். ஆபீஸே கைதட்டுச்சு."

"கேக் வெட்டினீங்களா?"

"வெட்டினோம்."

அவள் தலையாட்டினாள். கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி, அவ்வளவுதான்.

"இது வேணும்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கலாமே, வாத்தியாரே."

"வெச்சிருந்தேன்."

"எங்க?"

"அந்த இடத்துக்கு மேலேயே. 'தொடாதே'ன்னு."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த வரியைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறான்.

"உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும்."

"நம்பர் மாத்தல."

வெளியே ஒரு பஸ் போனது.

"சரி. திரும்பப் போட்டுடறேன். எல்லா அடிக்கும் எட்டு."

"எட்டு இந்தக் குத்துக்கு. அறைக்கு அஞ்சு. முழங்கைக்குப் பதினொண்ணு."

"இப்ப கேம்ல புதுசா ஆறு பேர் இருக்காங்க. ஆளும் வேற, அடியும் வேற. இவங்களுக்கு எத்தனை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு எந்தக் கணக்குல போட்டீங்க?"

"கணக்கெல்லாம் இல்ல. ஒருத்தனை நிக்க வெச்சுத் தோள்ல அடிப்பேன். அதை போன்ல எடுப்பேன். அடி பட்டதும் ஆள் அப்படியே ஒரு கணம் நின்னு போவான் பாரு, பேச்சு, கண்ணு எல்லாம். அது எத்தனை படம்னு எண்ணிப் போடுவேன்."

"யாரை அடிச்சீங்க?"

"உன்னை."

அவன் கை தானாகத் தோளுக்குப் போனது.

"சேர்ந்த புதுசுல அடிப்பீங்களே. வேலை தெரியலன்னு திட்டறீங்கன்னு நினைச்சேன்."

"திட்டவும் செஞ்சேன்."

சிரித்தான். பல நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

"அப்ப வாங்க, வாத்தியாரே. அதே மாதிரி அளந்துடலாம். நானே நிக்கறேன். இதை விட்டா எனக்கு வேற கதி இல்ல."

ரோசலின் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். போனை டிவி மேல் சாய்த்து வைத்துப் படம் எடுக்க விட்டாள்.

"இங்கயே பார்த்துடலாம். நில்லு."

நின்றான்.

"தினம் கார் அனுப்பறேன்," என்றான். "டீம்ல நல்ல பசங்களா நாலு பேரை"

முஷ்டியை மடக்கித் தோளில் ஓங்கிக் குத்தினாள். சுவரில் இருந்த பல்லி ஓடியது.

"உங்களுக்குக் கீழ வைக்கறேன். செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள பாதி"

இன்னொன்று. முன்னதைவிடப் பலமாக. அவள் விரலே சிவந்துவிட்டது.

"முடிஞ்சுடும். மிச்சத்தை ரிலீசுக்குப் பிறகுகூடச் சேர்த்துக்கலாம்."

அவள் போனை எடுத்தாள். ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இரண்டு குத்தையும் பார்த்தாள். முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

"எத்தனை?" என்றான் குமரகுரு.

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். படத்தில் முஷ்டி தோளில் பட்டது. தோள் பின்னால் போனது. வாய் பேசிக்கொண்டே இருந்தது, ஒரு படத்தில்கூட நிற்கவில்லை.

"இன்னொரு தடவை அடிங்க. இந்தத் தடவை பேசாம இருக்கேன்."

ரோசலின் சிவந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வேலைக்கு வரேன்," என்றாள். "அடி வாங்க வேற ஆளைப் பாரு, குமரா."